மைக் யார் கையில்? பொது இடத்துப் பிரார்த்தனையும் மதச் சுதந்திரமும்

1949 அக்டோபர் 17ஆம் தேதி டெல்லியில் கடவுளை ஓட்டுக்கு விட்டார்கள்.

அரசியல் நிர்ணய சபை தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தது. கடைசியில் அரசியல் சாசனத்தின் முகப்புரை விவாதத்துக்கு வந்தது. ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கும் அந்த வாசகத்துக்கு முன்னால் ‘கடவுளின் பெயரால்’ என்று சேர்க்க வேண்டும் என்று சபை உறுப்பினர் எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கேட்பதற்கு யாரையும் நோகடிக்காத திருத்தம். ஆனால் சபைக்கு அது பெரிய தர்மசங்கடமாகிவிட்டது. காமாக்யா தேவியைக் கும்பிடும் அசாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌத்ரி, தேவியை எங்கே விட்டீர்கள் என்று கேட்டார். (விவாதம் ஆங்கிலத்தில் நடந்தது, அந்த மொழியில் கடவுள் ஆண்பால். தமிழில் பேசியிருந்தால் இந்தச் சிக்கல் எழுந்தே இருக்காது.) திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை, இது நம்பிக்கை விஷயத்தில் கட்டாயப்படுத்துவதாகும் என்றார், கடவுளை நம்பவும் நம்பாமல் இருக்கவும் இந்தச் சாசனமே உரிமை தருகிறதே என்பது அவர் வாதம். ஆழ்மனத்தின் புனிதமான உணர்வைப் பெரும்பான்மை பலத்தால் மற்றவர்மீது சுமத்தலாகாது என்றார் ஹிருதயநாத் குன்ஸ்ரு. கடவுளுக்கு ஓட்டுப் போடும் சங்கடத்தை எங்களுக்குத் தராதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி காமத்திடமே கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. தலைகளை எண்ணினார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68.

இதை வைத்து, கடவுளை வேண்டாம் என்று சொன்ன சாசனம் என்று யாராவது சொன்னால், அதே சாசனத்தின் மூன்றாவது அட்டவணையைக் காட்டலாம். அமைச்சராகவோ நீதிபதியாகவோ பதவியேற்பவருக்கு அங்கே இரண்டு வழி இருக்கிறது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். தமிழ்நாட்டில் பதவியேற்பு விழாவைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு, யார் ‘உளமார’ என்கிறார், யார் கடவுளைக் கூப்பிடுகிறார் என்று காது கொடுத்துக் கேட்பது ஒரு தனிச் சுவாரசியம். ஆக, பதவியேற்கும் ஒருவர் தன் வாயால் கடவுள் பெயரைச் சொல்லலாம். ‘நாம்’ என்று எல்லோர் சார்பிலும் பேசும் வாக்கியத்தில்தான் அதைச் சேர்க்க மறுத்தார்கள்.

பல மதத்தவர் கலந்து வாழும் ஊரில் பொது இடத்துப் பிரார்த்தனை பற்றிய சண்டை எது வந்தாலும், நான் முதலில் இந்த வேறுபாட்டைத்தான் தேடுவேன். ‘பொதுப் பிரார்த்தனை’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. மக்கள் பொது இடத்தில் வழிபடுவது ஒன்று. பொதுவுக்குச் சொந்தமான அரசு, அல்லது அரசின் கையாக இருக்கும் பள்ளியும் அலுவலகமும், எல்லோரையும் நிற்கவைத்து வழிபாடு நடத்துவது இன்னொன்று. மைக் மக்கள் கையில் இருந்தால், எவ்வளவு சத்தம், எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில் என்று கேட்க வேண்டும். மைக் அரசின் கையில் இருந்தால், விருப்பமில்லாதவன் என்ன செய்வான் என்று கேட்க வேண்டும். முதல் வகைச் சண்டையில் இரண்டாவது கேள்வியைக் கேட்பதும், இரண்டாவது வகையில் முதல் கேள்வியைக் கேட்பதும்தான் நம் டீக்கடை விவாதங்களின் பாதிக் குழப்பம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு, மனச்சான்றுச் சுதந்திரத்தையும், ஒரு மதத்தை ஏற்று வெளிப்படையாகச் சொல்லவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லோருக்கும் சமமாகத் தருகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. இங்கே வேலைக்கு வந்திருக்கும் வெளிநாட்டவருக்கும் இது உண்டு. மனச்சான்று என்ற சொல் முதலில் நிற்பதால் நாத்திகருக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் இந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். உரிமையைக் கொடுப்பதற்கு முன்பே நிபந்தனையைச் சொல்லிவிட்டுத்தான் வாக்கியம் தொடங்குகிறது: பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டு. பேச்சுரிமை பற்றிய 19ஆவது பிரிவு இப்படி இல்லை. அது முதலில் உரிமையைக் கொடுத்துவிட்டுப் பின்னால்தான் கட்டுப்பாட்டைப் பேசும். எழுதியவர்களுக்கு நம் ஊர் தெரிந்திருந்தது.

இனி சத்தத்துக்கு வருவோம். நம் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

மார்கழி மாதம் விடிவதற்குள் கோயில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. அது ஓய்வதற்குள் பள்ளிவாசலிலிருந்து பாங்கு. ஞாயிற்றுக்கிழமையானால் ஜெபக்கூடத்தில் டிரம்ஸ். ஆடி மாதம் கூழ் ஊற்றும் பத்து நாளும் மைக் செட்காரர் தெருவுக்கே ராஜா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் சாமியின் சத்தம் நமக்குக் கேட்பதே இல்லை.

சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் ஜெபக்கூடம். டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. பக்கத்துக் குடியிருப்பின் நலச்சங்கம் 1996இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுத்தது. வாரியத்தின் பொறியாளர் வந்து அளந்து பார்த்துவிட்டு, சாலையில் போகும் வண்டிகளின் இரைச்சலும் இதற்குக் காரணம் என்று அறிக்கை கொடுத்தார். சென்னையில் வாழ்ந்தவர் யாரும் இதை மறுக்கமாட்டார். விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சத்தத்தைக் குறைக்க நடவடிக்கை எடுக்கும்படி போலீசுக்கு உத்தரவானது. சபை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நாங்கள் சிறுபான்மையினர், எங்கள் வழிபாட்டு உரிமையில் கைவைக்கிறார்கள், புகாரின் உள்நோக்கமே வேறு என்பது அவர்கள் வாதம்.

2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வைத்தோ டிரம்ஸ் அடித்தோதான் தொழ வேண்டும் என்றும் எந்த மதமும் போதிக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம். முதியவர்கள், நோயாளிகள், குழந்தைகள், படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கும் அமைதிக்கான உரிமை உண்டு என்றது. சபையின் மேல்முறையீடு தள்ளுபடியானது.

இந்தத் தீர்ப்பைச் சிலர் ஒரு மதத்துக்கு எதிரானதாகவும், சிலர் இன்னொரு மதத்தை அடிக்கக் கிடைத்த கம்பாகவும் படிக்கிறார்கள். இரண்டும் தப்பு. நீதிமன்றம் ஜெபத்தைத் தொடவே இல்லை, ஆம்ப்ளிஃபையரைத்தான் தொட்டது. ஜெபக்கூடம் இருக்கலாம், பாட்டு இருக்கலாம், கண்ணீர் விட்டுக் கதறி வேண்டிக்கொள்ளலாம். வால்யூம் திருகாணி மட்டும் மதத்தின் பகுதி அல்ல.

அதே 2000ஆம் ஆண்டில்தான் மத்திய அரசு ஒலி மாசு விதிகளையும் கொண்டுவந்தது. அவை கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒன்றே. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவில், மூடிய அரங்குகளுக்கு உள்ளே தவிர, பயன்படுத்தவே கூடாது. திருவிழாக்களுக்காக ஒரு சலுகை பின்னால் சேர்க்கப்பட்டது: ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல் இரவு 10 மணியிலிருந்து 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ போனால் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். மார்கழிப் பாட்டு காலை 5 மணிக்கு ஒலிக்கிறதே என்றால், ஆம், விதிப்படி அது இரவுதான். அதிகாலைப் பாங்கும் அதே கணக்கில்தான் வரும். நாட்டில் இந்த விதி எவ்வளவு தூரம் நடக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கும் காது இருக்கிறது.

சத்தத்தைவிடச் சிக்கலானது தெரு. அது யாருடைய வீடும் அல்ல, எல்லோருடைய வழியும்கூட. இந்தச் சிக்கலில் தமிழ்நாட்டுக்கு நூற்று நாற்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது.

1882இல் சேலத்தில் பெரிய கலவரம். பள்ளிவாசல் வழியாக மேளதாளத்தோடு சாமி ஊர்வலம் போகலாமா என்பதுதான் மூலச் சண்டை. பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவரான சேலம் விஜயராகவாச்சாரியார் இந்தக் கலவரத்தைத் தூண்டினார் என்று தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையானவர். மறு ஆண்டே சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, சுந்தரம் செட்டி வழக்கில், இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் ஒரு விதியை வகுத்தது. எந்தப் பிரிவினராக இருந்தாலும் பொதுத் தெருவில் மத ஊர்வலம் நடத்த உரிமை உண்டு. மற்றவர்கள் தெருவைப் பயன்படுத்துவதற்கு இடைஞ்சல் இல்லாமல் நடத்த வேண்டும்; அமைதி காக்க மாஜிஸ்திரேட் சட்டப்படி இடும் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும். எங்கள் வழிபாட்டு இடத்தில் எந்நேரமும் தொழுகை நடக்கிறது, ஆகவே அதைக் கடக்கும்போது உங்கள் வழிபாட்டை நிறுத்துங்கள் என்று தெருவோரக் கோயிலோ பள்ளிவாசலோ கட்டாயப்படுத்த முடியாது.

1920களில் இதே கேள்வி, அன்றைய இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அந்த வழக்கில் இரண்டு தரப்பும் முஸ்லிம்கள். ஷியாக்களின் மொஹரம் ஊர்வலம் சன்னிகளின் பள்ளிவாசல் அருகே நின்று மாரடித்துப் புலம்புவதைச் சன்னிகள் எதிர்த்தார்கள். பிரிவி கவுன்சில் சென்னைத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, உரிய சடங்குகளோடு பொதுத் தெருவில் ஊர்வலம் போக உரிமை உண்டு என்றது. மதங்களுக்கு இடையிலான பகை என்று நாம் நினைக்கும் சண்டை, ஒரே மதத்துக்குள்ளும் அதே வடிவத்தில் வரும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

2021இல் பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் அதே நாடகத்தின் புதிய காட்சி. அங்கே முஸ்லிம்கள் பெரும்பான்மை. கோயில் ஊர்வலம் குறிப்பிட்ட தெருக்கள் வழியே வரக் கூடாது என்று எதிர்ப்பு. ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் என்பதற்காக இன்னொருவரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டு, இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எந்த விழாவும் நடத்த முடியாமல் போய்விடும் என்றும் சுட்டிக்காட்டியது. தீர்ப்பு வந்தபோது முதல் பாதியைப் படித்து மகிழ்ந்தவர்கள் அநேகம். இரண்டாம் பாதியையும் படித்திருக்கலாம்.

ஊர்வலம் நகர்ந்து போய்விடும். நின்று தொழுதால்? டெல்லிக்கு அருகே குருகிராமில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பள்ளிவாசல்கள் போதவில்லை. வேலைக்கு வந்த முஸ்லிம்கள் காலி மனைகளிலும் பூங்காக்களிலும் தொழுதார்கள். எதிர்ப்பு வந்தது. 2018இல் நிர்வாகம் பேசித் தீர்த்து 37 இடங்களை ஒதுக்கியது. 2021இல் எதிர்ப்பு மறுபடி கிளம்பி, டிசம்பரில் மாநில முதல்வரே திறந்தவெளித் தொழுகையை ஏற்க முடியாது என்றார். பொது நிலத்தில் நிரந்தரமாக உட்காரும் உரிமை எந்த மதத்துக்கும் இல்லை, அது சரிதான். ஆனால் பந்தலுக்கும் பஜனைக்கும் மேடைக்கும் அதே மைதானத்தைக் கொடுக்கும் நிர்வாகம், வாரத்தில் ஒரு மணி நேரத் தொழுகைக்கு மட்டும் பொது ஒழுங்கைப் பேசினால், அதை எப்படிச் சமம் என்பது? இதில் இன்னொரு முரண். அயோத்தி நில வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு, தொழுகைக்குப் பள்ளிவாசல் இன்றியமையாதது அல்ல, எங்கே வேண்டுமானாலும், திறந்தவெளியில்கூட, தொழலாம் என்று சொல்லியிருக்கிறது. பள்ளிவாசல் தேவையில்லை என்று ஒரு பக்கம், திறந்தவெளி கூடாது என்று மறுபக்கம்.

‘இன்றியமையாதது’ என்ற அந்தச் சொல் நம் சட்டத்தில் தனிக்கதை. உடுப்பியின் சிரூர் மடம் அன்றைய சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1954இல் உச்ச நீதிமன்றம் அதைப் புகுத்தியது. ஒரு மதத்துக்கு எது இன்றியமையாத பகுதி என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே பார்க்க வேண்டும் என்று அப்போது சொன்னது. போகப் போக, பார்த்துச் சொல்பவர்கள் நீதிபதிகளே ஆகிவிட்டார்கள். ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக அமைப்பினர் கல்கத்தா தெருக்களில் மண்டை ஓடும் கத்தியும் ஏந்தித் தாண்டவம் ஆட அனுமதி கேட்டபோது, உங்கள் அமைப்பு தோன்றியது 1955, தாண்டவம் வந்தது 1966, இடையில் பதினோரு ஆண்டு அது இல்லாமல் இருந்தீர்களே, பின் எப்படி இன்றியமையாதது என்று 1983இல் கேட்டது நீதிமன்றம். பிறகு அவர்கள் தங்கள் நூலிலேயே தாண்டவத்தைக் கடமையாக எழுதிக்கொண்டு வந்தார்கள். 2004இல் அதுவும் எடுபடவில்லை. கத்தியோடு ஊர்வலம் வேண்டாம் என்று போலீஸ் சொல்வதற்குப் பொது ஒழுங்கே போதுமான காரணம். ஒரு மதத்துக்கு எத்தனை வயதில் சடங்கு முளைக்கலாம் என்று நீதிபதிகள் ஜாதகம் பார்த்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இதுவரை மைக் மக்கள் கையில் இருந்தது. இனி பள்ளிக்கூடத்துக்குள் போவோம். காலை அசெம்பிளி, வெயில், வரிசை, தலைமையாசிரியர்.

நான் படித்தது கிறிஸ்தவ மிஷன் பள்ளி. ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். நெற்றியில் விபூதியோடு வந்தவனுக்கும் தொப்பி போட்டு வந்தவனுக்கும். யாரும் மதம் மாறிவிடவில்லை. வாரத்தில் ஒரு பீரியட் வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு நீதிபோதனை. நீதிபோதனை என்பது பெரும்பாலும் வீட்டுப்பாடத்தை அவசரமாக எழுதி முடிக்கும் நேரம். அந்தப் பிரிப்பு ஏன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சாசனத்தின் 28ஆவது பிரிவு எங்கள் வகுப்பறைக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பிரிவு பள்ளிகளைத் தரம் பிரிக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடவே கூடாது. அறக்கட்டளை மதபோதனைக்கென்றே நிறுவி, அரசு நிர்வாகம் மட்டும் பார்க்கும் நிறுவனம் என்றால் விதிவிலக்கு. அரசு அங்கீகாரமோ உதவித்தொகையோ பெறும் மற்றப் பள்ளிகளில் மதபோதனையும் வழிபாடும் இருக்கலாம்; ஆனால் மாணவரின் சம்மதம் இல்லாமல், சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், யாரையும் அதில் உட்காரவைக்கக் கூடாது. நம் ஊரில் எத்தனை பள்ளிகள் அந்தச் சம்மதத்தை எழுதி வாங்குகின்றன என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் கோடு இன்னும் கடுமையாகப் போடப்பட்டது. நியூயார்க் மாநிலக் கல்வி நிர்வாகம் ஒரு காலைப் பிரார்த்தனையை எழுதிக் கொடுத்தது. ஆங்கிலத்தில் மொத்தம் 22 சொற்கள். எந்தக் கிறிஸ்தவப் பிரிவின் பெயரும் இல்லை. எல்லாம் வல்ல இறைவா, எங்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் நாட்டையும் ஆசீர்வதியும் என்பதுபோல. விருப்பமில்லாத பிள்ளை விலகி நிற்கலாம். அப்படியிருந்தும் 1962இல் எங்கல் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிரார்த்தனை எழுதுவது அரசாங்கத்தின் வேலை அல்ல என்பதுதான் அடிப்படை. விலகி நிற்கலாம் என்ற சலுகை ஏன் போதவில்லை? முப்பது பேர் கண் மூடி நிற்கும்போது தனியே வராந்தாவில் நிற்கும் எட்டு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அங்கேயும் கோடு அசைகிறது. 2022இல் பிரெமெர்ட்டன் வழக்கு. பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு ஜெபிப்பார். பள்ளி நிர்வாகம் தடுத்தது; நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அவர் பக்கம் நின்றது. அது அவருடைய சொந்த ஜெபம் என்றார்கள் ஆறு பேர். அணியில் இடம் யாருக்கு என்று முடிவு செய்பவர் மண்டியிடும்போது மாணவன் சும்மா நிற்க முடியுமா என்று கேட்டார்கள் மூன்று பேர். மைக் யார் கையில் என்ற கேள்விக்கு எளிதில் பதில் கிடைக்காத இடங்களும் உண்டு. இது அதில் ஒன்று. எனக்கு அந்த மூன்று பேர் சொல்வதுதான் பள்ளிக்கூடம் தெரிந்தவர்களின் பேச்சாகப் படுகிறது.

நம் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளின் காலைப் பிரார்த்தனையில் ‘அஸதோ மா ஸத் கமய’ என்ற உபநிடத வரி உண்டு. கை கூப்பிக் கண் மூடி இதைச் சொல்லவைப்பது 28ஆவது பிரிவுக்கு எதிரானது என்று ஒருவர் வழக்குப் போட்டார். பொய்யிலிருந்து மெய்க்கு அழைத்துச் செல் என்பதில் மதம் எங்கே இருக்கிறது, இந்த நீதிமன்றத்தின் முத்திரையிலேயே சமஸ்கிருத வாசகம் இருக்கிறதே என்றது அரசுத் தரப்பு. 2019 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் இதைப் பெரிய அமர்வு விசாரிக்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். வரியின் பொருள் அழகாக இருக்கிறதா என்பதல்ல என்னைப் பொறுத்தவரை கேள்வி. ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’கூட அழகாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை கையைக் கூப்பாமல் கண்ணைத் திறந்தபடி நின்றால், அந்தப் பள்ளியில் அவனுக்கு என்ன நடக்கும்?

கேரளத்தில் கோட்டயம் பக்கத்துப் பள்ளியில் மூன்று பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அவர்கள் உடன்பிறந்தவர்கள், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தினமும் அசெம்பிளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறெதையும் துதிப்பது அவர்கள் நம்பிக்கைக்கு விரோதம். யாருக்கும் இது ஒரு பொருட்டாக இருக்கவில்லை, ஒரு சட்டமன்ற உறுப்பினர் கவனித்துச் சட்டசபையில் எழுப்பும்வரை. விசாரணைக் குழு, பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றது. இருந்தும் 1985 ஜூலை 26 அன்று பள்ளியிலிருந்து நீக்கினார்கள். கேரள உயர் நீதிமன்றம் கீதத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்து, இதில் யார் மதத்தையும் புண்படுத்தும் சொல் இல்லை என்று கைவிரித்தது.

1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த ஆராய்ச்சியே தேவையற்றது என்று காட்டினார். அந்த நம்பிக்கை நமக்கு நியாயமாகத் தோன்றுகிறதா என்பது கேள்வி இல்லை. அவர்கள் அதை உண்மையாக, மனச்சான்றோடு நம்புகிறார்களா என்பதே கேள்வி. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுந்து நின்றதில் மரியாதை இருக்கிறது. பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தாண்டவத்தின் வயதைக் கணக்குப் பார்த்த அதே நீதிமன்றம்தான் இது.

தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பு எதிர்பாராத ஓர் இடத்தில் தலைகாட்டியது. அரசு விழாக்களில் கடவுள் வாழ்த்துக்குப் பதிலாகத் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடும் வழக்கம் 1970இல் வந்தது. எல்லா மதத்தாரும் ஒன்றாக நிற்க ஒரு பாட்டு என்ற வகையில் அது நல்ல தீர்வு. 2018இல் ஒரு விழாவில் காஞ்சி மடத்தின் அன்றைய இளைய மடாதிபதி அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்கவில்லை என்று பெரும் சர்ச்சை. அதையொட்டிய போராட்டத்தில் பதிவான வழக்கு 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் முடிந்தபோது, இது பிரார்த்தனைப் பாடல்தான், கீதம் அல்ல, எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் இல்லை என்றார் நீதிபதி. பிரார்த்தனையின்போது துறவி தியானத்தில் அமர்ந்திருப்பது இயல்பே என்றார். அந்த மாதமே 17ஆம் தேதி அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது. எந்தக் கட்டாயமும் வேண்டாம் என்று கடவுள் வாழ்த்தை நகர்த்திய இடத்தில், வேறொரு வாழ்த்துக்குக் கட்டாயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பவன். ஆணை வருவதற்கு முன்பும் நின்றவன்.

1949இல் விட்ட இடத்தில் ஒரு வரி பாக்கி இருக்கிறது. 41, 68 என்று முடிவு அறிவித்ததும் காமத் எழுந்தார். நம் வரலாற்றில் இது கறுப்பு நாள் என்றார். பிறகு, கடவுள் இந்தியாவைக் காப்பாற்றட்டும் என்றார். முகப்புரையில் இடம் கிடைக்காத அந்தச் சொல், சபை நடவடிக்கைக் குறிப்பில் அவர் பெயருக்கு நேரே அச்சாகியிருக்கிறது.